இந்த வண்டிக்குச் செல்லாது

ஒலிபெருக்கி இரண்டு முறை ஒரே விஷயத்தைச் சொன்னது. ஒன்பது ஐந்து சாதாரண வண்டி இன்று ஓடாது, அதில் போக வேண்டியவர்கள் ஒன்பது நாற்பது விரைவு வண்டியில் ஏறிக்கொள்ளலாம். மூன்றாவது முறை சொன்னபோது வாலில் இன்னொரு வாக்கியமும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் விரைவு வண்டி நடைமேடைக்குள் நுழைந்து அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. ஏறலாம் என்ற ஒரு சொல் காதில் விழுந்ததே அவனுக்குப் போதுமாக இருந்தது. ஏறிவிட்டான்.

வாரத்தில் ஆறு நாள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் சட்டங்களில் பொருத்துவது அவன் வேலை. ஏழாவது நாளான சனிக்கிழமை மகளுக்கு. விவாகரத்தான பிறகு நீதிமன்றம் கொடுத்தது அந்த இரண்டு மணி நேரம்தான். அடுத்த ஊரில் இருக்கும் சந்திப்பு மையத்தில், ஒரு பொறுப்பாளர் முன்னிலையில், பதினொன்று முதல் ஒன்று வரை. பதினைந்து நிமிடம்வரை தாமதம் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் அன்றைய சந்திப்பு ரத்து. மூன்று ரத்தானால் கோப்பு மறுபடி நீதிபதியிடம் போகும். அவன் கணக்கில் ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தன.

முதல் ரத்துக்குக் காரணம் இப்போதும் அவன் கைபேசியில் இருந்த இந்தச் சலுகைச் சீட்டு. ஒரு மாதத்துக்குள் பத்துப் பயணம், விரும்பிய நாளில் போகலாம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். கடையில் எல்லோரும் அதை இஷ்டச் சீட்டு என்றுதான் சொன்னார்கள். வாங்கிய பிறகுதான் அதில் நம் இஷ்டத்துக்கு நடப்பது எதுவுமே இல்லை என்று தெரிந்தது. ஏறுவதற்கு முன்னால் கைபேசியில் பயணத்தைத் தொடங்க வேண்டும். ஏறிய பிறகு தொடங்கினால் சீட்டு இல்லாமல் பயணம் செய்த குற்றம். முன்கூட்டியே தொடங்கிவைத்தால் நான்கு மணி நேரத்தில் காலாவதி. அன்று அவன் ஆர்வக் கோளாறில் விடியற்காலையிலேயே தொடங்கிவைத்துவிட்டு நிலைய வாசலிலேயே தடுக்கப்பட்டான். இரண்டாவது ரத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. முந்தின நாள் இரண்டு ஷிப்ட் பார்த்த களைப்பில் வண்டியிலேயே தூங்கி, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டான்.

வண்டி வேகம் பிடித்ததும் சீட்டின் விதிகளைக் கைபேசியில் திறந்தான். அரை மில்லிமீட்டர் பிசகையும் கண்டுபிடிக்கும் கண் அவனுடையது. அந்தக் கண்ணுக்கே அந்த எழுத்து சிரமமாக இருந்தது. விரைவு வண்டிகளில் செல்லாது. சாதாரண வண்டி ரத்தாகும்போது விரைவு வண்டியில் செல்லும். சலுகைச் சீட்டுகள் நீங்கலாக. ஒலிபெருக்கியின் கடைசி வாக்கியம் என்னவாக இருந்திருக்கும் என்று இப்போது புரிந்தது.

இரண்டு பெட்டிக்கு முன்னால் கதவு திறந்தது. நீலக் கோட்டு, கழுத்தில் தொங்கும் கருவி. பரிசோதகர்.

அவன் எழுந்தான். கழிவறைக்குப் போகிறவன்போல நிதானமாகப் பின்னால் நடந்தான். அடுத்த பெட்டி, அதற்கடுத்தது. ஒவ்வொரு இணைப்புக் கதவையும் சாத்தும்போது திரும்பிப் பார்த்தான். நீலக் கோட்டு அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. சீட்டைக் காட்டியவர்கள் சிலர் நிமிர்ந்து இவனைப் பார்த்தார்கள். நாற்பத்தோரு வயதில், துவைத்துத் தேய்த்த சட்டையோடு, திருடனைப்போல ஓடுகிறோமே என்று கூச்சமாக இருந்தது. கால்கள் மட்டும் நிற்கவில்லை.

கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் அவனுக்கு வழிவிட ஒதுங்கினாள். அவனை ஒரு கணம் பார்த்தவள், "இதுக்குப் பின்னாடி பெட்டி இல்லைங்க" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. தகவலாகத்தான் சொன்னாள்.

அவன் அவளுக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்தான். கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ளலாம். போன சனிக்கிழமை மையத்தில் மகள் கேட்டது நினைவுக்கு வந்தது. இந்த அறையில கேமரா இருக்கே, நீ என்னப்பா தப்பு பண்ணே? ஒன்பது வயதுக்காரி. ஒன்றும் செய்யவில்லை என்று அன்று நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லியிருந்தான். அந்த வாயோடு கழிவறைக்குள் ஒளிய மனசு வரவில்லை. எழுந்து, வந்த வழியே நடந்து, நடுப் பெட்டியில் பரிசோதகருக்கு எதிரே போய்த் தானாகவே கைபேசியை நீட்டினான்.

ஐம்பது வயதை ஒட்டிய பெண். கருவி சிவப்பாக ஒளிர்ந்தது. மறுபடி காட்டிப் பார்த்தாள், மறுபடியும் சிவப்பு.

"இது இந்த வண்டிக்குச் செல்லாது சார்."

ரத்தான வண்டியைப் பற்றிச் சொன்னான். அறிவிப்பைப் பற்றிச் சொன்னான். பிறகு, எப்போதும் வெளியாட்களிடம் சொல்லாததையும் சொன்னான்: மையம், பதினொரு மணி, இரண்டு ரத்து. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கேட்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தாள். அது இரக்கம் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகுதான் தொழில்கண் விழித்தது. அவள் கண்ணாடிச் சட்டம் இடது காதருகே வளைந்து, நேராகப் பார்த்தால் எழுத்து இரண்டாகத் தெரியும்படி இறங்கியிருந்தது. சட்டைப் பையில் சின்னத் திருப்புளி இருந்தது. இரண்டு நிமிட வேலை. இப்போது அதைச் சொன்னால் லஞ்சம்போல ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டான்.

போன மாதம் இதேபோல ஒருவரை விட்டதற்கு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னாள். இந்த வண்டியிலேயே மேலதிகாரி யாராவது சாதாரண உடையில் இருக்கலாம் என்றாள். முழுக் கட்டணச் சீட்டு இப்போது வாங்க முடியுமா என்று கேட்டான். வண்டி கிளம்பிய பிறகு விற்க முடியாதாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கத்தான் வேண்டும்.

"இறங்கிட்டா என் பொண்ணைப் பார்க்க முடியாதுங்க" என்றான். குரல் அவன் நினைத்ததைவிடத் தாழ்ந்து வந்தது.

அவள் கருவியில் விதிகளைத் தேடினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினாள். அவன் கையை நீட்டி அந்தக் கருவியை வாங்கித் தானே படித்தான், அவளும் கொடுத்துவிட்டாள். பத்தொன்பதாவது விதி. பயணி தன் தவறில்லாமல் பாதியில் இறக்கப்பட்டால், பரிசோதகர் குறித்துக்கொடுக்கும் பட்சத்தில், அங்கிருந்து வேறு எந்தச் சாதாரண வண்டியிலும் தொடரலாம். அவன் அதை உரக்கப் படித்தான். அவள் வாயசைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள். பிறகு குறித்துக் கொடுத்தாள்.

"பத்து நாப்பத்தெட்டுக்குக் கிளைப் பாதைலேருந்து ஒரு சாதாரண வண்டி வரும். மூணாவது நடைமேடை. படியேறி மறுபக்கம் போகணும், பார்த்துக்கோங்க."

வண்டி நிற்கும்போது அவன் சொன்னான், "உங்க சட்டம் இடது பக்கம் வளைஞ்சிருக்கு. எந்தக் கடைலயும் நிமித்தித் தருவாங்க. தலைவலி போயிடும்." அவள் கை தானாகக் காதருகே போனது.

கிளைப் பாதை வண்டி இரண்டு நிமிடம் பிந்தி வந்தது. அதில் அவன் உட்காரவில்லை. கதவருகே நின்று மையத்தின் எண்ணுக்கு ஏழு முறை அழைத்தான். சனிக்கிழமைகளில் அந்தத் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. பதினொன்று பன்னிரண்டுக்கு இறங்கினான். நிலையத்திலிருந்து மையத்துக்குப் பத்து நிமிட நடை. ஓடினான். சிக்னலில் ஒரு கார் அலறி நின்றது. வாயில் இரும்புச் சுவை ஏறியது. மையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது சுவர்க் கடிகாரம் பதினொன்று பதினெட்டு காட்டியது.

தாழ்வாரத்தில் பொறுப்பாளர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சற்றுத் தள்ளி மகளின் அம்மா, தோளில் பை, கையில் கார்ச் சாவி. கோபமாக இருப்பாள் என்று நினைத்திருந்தான். அவள் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. இரண்டு பேரும் அவனைப் பார்க்கவில்லை. சந்திப்பு அறையின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசல்படியில் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"குழந்தை அறையை விட்டு வெளிய வந்தாதான் நான் ரத்துன்னு எழுத முடியும்" என்றார் பொறுப்பாளர், அவனிடம் சொல்கிறாரா அவளிடம் சொல்கிறாரா என்று தெரியாத குரலில். "சுவத்துல ஒட்டியிருக்கற விதியை அவளே படிச்சுட்டா. கூப்பிட்டா வர மாட்டேங்கறா."

"நான் இன்னும் வெளிய வரலை" என்றாள் மகள், யாரையும் பார்க்காமல்.

பொறுப்பாளரின் பேனா நேரம் எழுதும் கட்டத்துக்கு மேலே நின்றது. மகளின் அம்மா கார்ச் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். அவன் மூச்சு இன்னும் அடங்கவில்லை. படிக்கு இந்தப் பக்கம் மகளின் ஒரு செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது. கால் உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டிருந்தது, விரல்கள் தரையை இறுகப் பற்றியபடி.