நரகம் உண்டா, சிஸ்டர்?

அந்த வார்டில் அவளை எல்லாரும் 'மேஜர்' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருட நர்ஸ். ஊசி போடுவதானாலும் சரி, உள்ளதைச் சொல்வதானாலும் சரி, கை நடுங்காது. பெரிய டாக்டரே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார்.

ஆறாம் படுக்கையில் ஓர் இன்ஜினியர் இருந்தார். லிஃப்ட் கம்பெனியில் பரிசோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஈரலில் புற்றுநோய், இன்னும் சில வாரம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலிக்கு மருந்து ஏறிக்கொண்டே இருந்தும் மனிதர் கண்ணை மூடுவதில்லை.

ஒருநாள் காலை, போதகர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். இளவயசு, இளகின மனசு. அவர் படி இறங்கியதும் இன்ஜினியர் மேஜரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், நரகம் உண்டா?"

"பாஸ்டர் என்ன சொன்னார்?"

"அதெல்லாம் அந்தக் காலத்துல பயமுறுத்தச் சொன்னது, நிம்மதியா இருங்கன்னார்."

"அப்புறமென்ன? நிம்மதியா இருக்கவேண்டியதுதானே?"

"முடியலையே. நரகம் இல்லைன்னா நான் செஞ்சதும் ஒண்ணுமில்லைன்னு ஆயிடுதே."

மேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

அவர் திக்கித் திணறிச் சொன்னார். பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு லிஃப்ட் விழுந்து ஒரு பெண் செத்துப்போனாள். அந்த வாரம் அதைப் பரிசோதித்ததாகக் கையெழுத்துப் போட்டவர் இவர். உண்மையில் அந்தக் கட்டிடத்துப் பக்கமே போகவில்லை. பிரேக் தேய்ந்திருக்கிறது என்று மெக்கானிக் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தான். விசாரணை வந்ததும் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, பழியைத் தூக்கி அவன் தலையிலேயே கட்டினார். அவன் இரண்டு வருடம் ஜெயிலில் இருந்தான்.

"நரகம் உண்டு சார்," என்றாள் மேஜர். குரலில் குழைவுமில்லை, தயக்கமுமில்லை. "கடவுள் இதைக் கண்டுக்கவே மாட்டார்னா, அந்தப் பொண்ணோட உயிருக்கு என்ன மரியாதை? தண்டனையே கிடையாதுன்னா, அதைத் தன்மேல வாங்கிக்கிட்டு ஒருத்தர் எதுக்குச் சிலுவையில சாகணும்?"

"அப்போ என் கதி?"

"நரகத்தைப் பத்தின எச்சரிக்கை உயிரோட இருக்கிறவங்களுக்குத்தான். உங்களுக்கு இன்னும் மூச்சு ஓடுது. அந்த மெக்கானிக் எங்க இருக்கார்?"

மறுநாள் இன்ஜினியர் வாயால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போதகர் முகம் சிவக்க மேஜரிடம் வந்தார். "சாகப்போற மனுஷனைப் போய் இப்படிப் பயமுறுத்தலாமா?"

"அவர் பதினெட்டு வருஷமா பயந்துதான் கிடக்கார், பாஸ்டர். புண்ணுக்குள்ள சீழை வச்சுக்கிட்டு மேல கட்டுப் போட்டா ஆறுமா? நீங்களே போய் அந்த மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாங்க."

போதகருக்குக் கோபம்தான். ஆனால் மனிதர் நல்லவர். இரண்டு நாள் அலைந்து, கடைத்தெரு மூலையில் பூட்டுகளுக்கு மாற்றுச் சாவி செய்து பிழைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கைக் கண்டுபிடித்து அழைத்து வந்தார்.

மெக்கானிக் உட்காரவில்லை. இன்ஜினியர் சொல்லி முடிக்கும்வரை கட்டிலின் கம்பியைப் பிடித்தபடியே நின்றான்.

"தினமும் உங்களை நரகத்துல போட்டு வறுத்துட்டுத்தான் சார் நான் சாப்பிடவே உட்காருவேன்," என்றான் கடைசியில். "மன்னிச்சேன்னு சொல்ல இப்போ வாய் வரலை. சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்க. என் வீட்டுக்காரி படிக்கணும்."

இன்ஜினியர் சொல்லச் சொல்ல மேஜர் எழுதினாள். கீழே அவர் போட்ட கையெழுத்து கோழி கிளறினது போல விழுந்தது. சாட்சிக் கையெழுத்தைப் போதகர் போட்டார்.

மூன்றாம் நாள் மெக்கானிக் மனைவியோடு வந்தான். அவள் படுக்கையருகே குனிந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இவர் எழுதிக் கொடுத்த சீட்டு... அது நிஜமாவே இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. நான்தான் கிழிச்சேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மெக்கானிக் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் கூடவே வாழ்ந்தவளுக்கும் ஒரு மூலையில் சந்தேகம் இருந்திருக்கிறது என்பது அவனுக்கு அன்றுதான் உறைத்தது. அவள் தோளைத் தட்டிக் கொடுத்தான். பிறகு இன்ஜினியர் பக்கம் திரும்பினான்.

"போதும் சார். என்கிட்ட உங்களுக்கு இனிமே கணக்கு ஒண்ணுமில்லை. மிச்சத்தை மேல இருக்கிறவர்கிட்ட கேட்டுக்குங்க."

இன்ஜினியர் அதைத்தான் செய்தார். அதற்குப் பின் எட்டு நாள் இருந்தார். பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் தூங்கினார். போதகர் ஜெபிக்கும்போது கூடவே உதடு அசைத்தார். ஒன்பதாம் நாள் மதியம், சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தார்.

போதகர் வராந்தாவில் மேஜரைத் தனியாகப் பிடித்தார். "இப்போ அவர் எங்க இருப்பார்னு நினைக்கிறீங்க?"

"தீர்ப்பு சொல்றது என் டிபார்ட்மென்ட் இல்லை, பாஸ்டர். ஆனா சொல்றவரை எனக்கு நல்லாத் தெரியும். திருந்தி வந்தவனைத் துரத்துற ஆள் இல்லை அவர்."

சொல்லிவிட்டு ஆறாம் படுக்கையின் விரிப்பை உருவப் போனாள். சாயங்காலத்துக்குள் அங்கே வேறொருவர் வருவதாக இருந்தது.