கழிவு என்று எழுதிய பெட்டி

2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, காலை பத்து மணி முதல் மாலை நான்கரை மணி வரை, என் தங்கை மகளின் திருமண மண்டபத்தில் விருந்தினர் படங்களுக்கான மேசை என் பொறுப்பில் இருந்தது. அந்த மேசையிலிருந்து பத்தொன்பது படங்கள் காணாமற்போயின. அவற்றுள் பதினெட்டைப் பற்றி இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

ஏற்பாடு மணமகளுடையது. எடுத்த மாத்திரத்தில் படத்தை வெளியே தள்ளும் இன்ஸ்டன்ட் கேமராக்கள் ஐந்தை அவள் வாங்கியிருந்தாள். விருந்தினர் ஒருவரையொருவர் படம் எடுத்து, படத்தின் அடியிலுள்ள வெள்ளைப் பட்டையில் ஒரு வரி எழுதி, ஆல்பத்தில் செருக வேண்டும். கேமராக்களைக் கூடத்தில் ஆங்காங்கே வைத்துவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி வைத்தால் பாதிப் படங்களில் குழந்தைகளின் மூக்குத் துவாரங்கள்தாம் இருக்கும் என்று நான் சொன்னேன்.

“அப்போ நீங்களே பாத்துக்கோங்க பெரியம்மா. உங்கள மீறி அங்க ஒரு எறும்பு கோணலா போகாது” என்றாள்.

முப்பத்தோராண்டுகள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராக இருந்தவள் நான். வீட்டுப் பிள்ளைகள் எனக்கு ‘ஒற்று பெரியம்மா’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். மறைவில்தான் சொல்வார்கள். ஒருநாள் என் காதில் விழுந்தபோது, ‘ஒற்றுப் பெரியம்மா’ என்று சொல்லுமாறு திருத்தினேன்.

மேசையின் ஒழுங்கு குறித்து எனக்கு அன்று எந்தக் குறையும் இல்லை. விதிகளை அட்டையில் எழுதி நிறுத்தியிருந்தேன். மணமகனின் தாய்மாமன் மட்டும் அதைப் படிக்காமல், வெளிவந்த தாளை விசிறிபோல் ஆட்டினார்.

“உதறாதீங்க. தட்டையா வைங்க, தானா தெரியும்.”

“என் மூஞ்சி தெரிய இவ்வளவு நேரமாம்மா? கண்ணாடியில உடனே தெரியுதே.”

“கண்ணாடியில எழுத முடியாது.”

அவர் ‘திருமண வாழ்த்துக்கள்’ என்று எழுதினார். நடுவில் ‘க்’ வராது என்றேன்.

“அது இல்லாட்டி வாழ்த்து கொஞ்சம் மெலிஞ்சு போகுதேம்மா” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த ‘க்’கை நான் சிவப்பு மையால் அடித்தேன். அன்று நான் அடித்தவை இருபத்திரண்டு.

தலை வெட்டுப்பட்ட படங்கள், விரல் மறைத்த படங்கள், ஒரே வரியில் இரண்டுக்கு மேல் பிழையுள்ள படங்கள் ஆகியவற்றை ஆல்பத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்று, வரிகளைச் சிறு காகிதத்தில் திருத்தி எழுதி, ஒட்டிச் சேர்ப்பதாக எண்ணம். அதற்காக ஒரு செருப்புப் பெட்டியை மேசைக்கு அடியில் வைத்து, அதன் மூடியில் பெரிய எழுத்தில் ‘கழிவு’ என்று எழுதினேன். எங்கள் அச்சகத்தில் பிழைத்தாள்கள் விழும் பெட்டிக்கு அதுதான் பெயர். அதில் விழுந்த தாள் உடனே குப்பைக்குப் போகாது. பிழையைக் குறித்துக்கொண்டு மறுபடி அச்சிட்ட பிறகே போகும். முப்பத்தோராண்டுகள் எழுதிய சொல்லாதலால் கை தானாக எழுதியது.

ஒன்றேகால் மணிக்கு நான் சாப்பிடச் சென்றேன். திரும்பி வந்தபோது ஆல்பத்தின் பதினேழாம் பக்கத்தில் ஒரு புதிய படம் செருகப்பட்டிருந்தது. என் தங்கையின் கணவர் கேமராவைத் தம் பக்கம் திருப்பி, கையை நீட்டி, தம்மையும் மகளையும் தாமே எடுத்திருந்தார். மகள் படத்தில் முழுமையாக விழுந்திருந்தாள். அவர் முகத்தில் பாதி இல்லை. அடியில் அவருடைய கையெழுத்தில் ஒரு வரி. நான் கண்ட பிழைகள் மூன்று.

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் என் தங்கைக்கு எழுதிய முதல் கடிதம் என் கையில் சிக்கியது. பதினொரு பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்து அவருக்கே திருப்பி அனுப்பினேன். திருமணம் நடந்தது, ஆனால் அதன்பின் அவர் எங்கள் வீட்டாருக்கு ஒரு வரியும் எழுதியதில்லை. வேலையறிக்கையைக்கூட உடன் வருபவர் எழுத, இவர் கையொப்பம் மட்டும் இடுவார். நான் மேசையில் இல்லாத இருபது நிமிடத்தில் அவர் ஏன் வந்தார் என்பது எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். நான் படத்தை உருவிப் பெட்டியில் போட்டேன்.

மாலை நான்கரை மணிக்குக் கேமராக்களை எண்ணிக் கட்டிவிட்டுக் குனிந்தேன். பெட்டி இல்லை. மண்டபத்தைக் கூட்டும் பெண்ணிடம் கேட்டேன்.

“எடுத்துக் கொட்டிட்டேம்மா. அதுலதான் நல்லா பெருசா எழுதியிருந்துச்சே.”

அந்தச் சொல்லில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தங்கை வீட்டில் காலை உணவுக்குப் பின் மணமகள் ஆல்பத்தை மேசைமீது விரித்து, முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை புரட்டினாள்.

“அப்பா, நீங்க எழுதினது எங்க? கார்ல வர்றப்ப சொன்னீங்களே, எழுதி வச்சிருக்கேன், ஊருக்குப் போய்ப் படின்னு.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, “எழுதலாம்னுதான் போனேன். கூட்டமா இருந்துச்சு” என்றார்.

“சும்மாவா சொன்னீங்க?”

“சும்மாதான்.”

அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் பொய் சொன்னது எனக்காக. அதை அறிந்தும் என் காப்பியை நான் குடித்து முடித்தேன். என் வாழ்க்கையில் நான் திருத்தாமல் விட்ட பிழைகளுள் பெரியது அதுதான்.

திங்கட்கிழமை மண்டபத்துக்குத் திரும்பிச் சென்றேன். குப்பை வண்டி ஞாயிறு காலையிலேயே வந்து போய்விட்டது. ஸ்டுடியோ ஒன்றில் விசாரித்தேன். அந்தக் கேமராவில் நெகட்டிவ் கிடையாது, வெளியே வந்த தாள் ஒன்றுதான் என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மணமகளுக்கு விமானம். புதன்கிழமை மாலை நான் தங்கை வீட்டுக்குப் போனபோது அவள் பெட்டியின்மேல் உட்கார்ந்து அதை மூட முயன்றுகொண்டிருந்தாள். அவள் தந்தை குறட்டால் ஜிப்பைப் பிடித்திழுத்துக்கொண்டிருந்தார். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் உட்காராமல் நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

முதலில் பேசியவள் தங்கைதான். குரலை உயர்த்தவில்லை.

“மனுஷன் வாழ்க்கையில மனசுவிட்டு எழுதினது ரெண்டே தடவ அக்கா. ரெண்டும் உன் கையிலதான் போய் விழணுமா?”

“விடு” என்றார் அவர்.

“அப்பா, கூட்டமா இருந்துச்சுன்னு சொன்னீங்க?”

“கூட்டமும் இருந்துச்சு.”

மணமகள் பெட்டியிலிருந்து இறங்கி என் எதிரில் வந்து நின்றாள்.

“சரி பெரியம்மா, போனது போகட்டும். என்ன எழுதியிருந்துச்சு? நீங்க படிச்சீங்கல்ல?”

அந்தக் கேள்விக்கு விடை என்னிடம் இருக்கிறது என்றே அதுவரை நம்பியிருந்தேன். வாயைத் திறந்த பிறகுதான் இல்லை என்று தெரிந்தது. மெய்ப்புப் பார்ப்பவர் பொருளைப் படிப்பதில்லை, எழுத்தைப் படிப்பார். பிழை இல்லாத இடத்தில் கண் நிற்காது. ‘இறங்கி’ என்பதை அவர் ‘இரங்கி’ என்று எழுதியிருந்தார். ‘கதவைத் திறந்து’ என்பதில் ஒற்று விடுபட்டிருந்தது. ‘கீழே’ என்பது ‘கீழ’ என்றிருந்தது. இந்த மூன்றும் எந்தெந்த இடத்தில் நின்றன என்பதுவரை எனக்கு நினைவிருக்கிறது. அவற்றுக்கு இடையில் இருந்த சொற்கள் ஒன்றுகூட நினைவில்லை.

“கதவை திறந்து வைப்பேன்னா, திறந்து வைன்னா?” என்று அவள் கேட்டாள்.

“தெரியலம்மா. அதுல பிழை இல்ல.”

அவள் தந்தையிடம் திரும்பினாள். “இன்னொரு தடவ எழுதுங்கப்பா. கேமரா இருக்கு, தாளும் இருக்கு.”

“பட்டன அமுக்கினா வர்றதுக்கு அது என்ன லிஃப்டா? அன்னிக்கு வந்துச்சு, எழுதினேன். எனக்கே சரியா ஞாபகம் இல்ல.”

“நான் வெளிய போயிடறேன் தம்பி. எழுதுங்க” என்றேன்.

அவர் குறட்டைக் கீழே வைத்தார். “உங்களாலன்னு இல்லக்கா. நீங்க அந்தப் படத்த உருவினப்ப தூரத்துல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். சரி பண்ணி வச்சிருவீங்கன்னு நெனச்சேன். நம்ம எழுத்தையும் எடுத்துத் திருத்துறாங்களேன்னு கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு.”

அவர் வைதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

அன்று மாலை நால்வரும் சேர்ந்து முடிவு செய்தவை வருமாறு. ஆல்பத்தின் பதினேழாம் பக்கத்தில் வேறு படம் வைப்பதில்லை. அந்த இடத்தின் அடியில், எனக்கு நினைவிருந்த சொற்களை அவற்றிற்குரிய இடைவெளிகளோடு, பிழைகளைத் திருத்தாமல் நானே எழுத வேண்டும். இது மணமகள் கேட்டது. அவ்வாறே நீல மையால் எழுதினேன். ‘இரங்கி’ என்று எழுதும்போது கை ஒருமுறை நின்றது, பிறகு எழுதியது. சிவப்பு மையால் நான் அடித்த இருபத்திரண்டு ‘க்’குகளும் அடித்தபடியே இருக்கும், அவற்றை மீட்க வழியில்லை. ஆல்பம் மணமகளுடன் வெள்ளிக்கிழமை விமானத்தில் செல்லும். ஐந்து கேமராக்களில் ஒன்று, ஆறு தாள்கள் மீதமுள்ளது, அவள் தந்தையிடம் இருக்கும். அவர் எதையேனும் எடுத்து எழுதினால் உறையிலிட்டு நேராக மகளுக்கு அனுப்ப வேண்டும். நான் அதைப் பார்க்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை முன்மொழிந்தவள் நான். யாரும் மறுக்கவில்லை.