அறுத்த கறி

கிடா பட்டியை விட்டு வர மறுத்தது. பாலம்மாள் கொம்பைப் பிடித்து இழுத்தாள். அது முன்னங்கால் இரண்டையும் கரிசல் மண்ணில் ஊன்றி, கழுத்தைப் பின்னுக்கு வாங்கி, அவளையே பட்டிக்குள் இழுத்தது. மகன் ராஜமணி பின்னால் போய்த் தொடைக்கு முட்டுக் கொடுத்துத் தள்ளினான்.

"மெதுவா தள்ளுல. கால் பிசகிரப் போவுது."

"இன்னும் செத்த நேரத்துல அறுக்கப் போற ஆடு. கால் பிசகுனா என்ன, பிசகாட்டா என்ன?"

ஆட்டைக் கால் பிசகாமல் பிடிப்பது அவள் கைக்குப் பழக்கம், அவ்வளவுதான்.

வேப்பமரத்தடியில் முத்து முகம்மது கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். கோவில்பட்டியில் கறிக்கடை வைத்திருப்பவர். இந்த ஊர் ஆடுகளில் முக்கால்வாசி அவர் கையில்தான் போய் முடியும். சேதி சொல்லி அனுப்பியதும் தராசையும் கத்தியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடியும்போதே வந்துவிட்டார்.

நடைவாசலுக்கு நேராகப் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலில் பாலம்மாளின் புருஷன் மாயகிருஷ்ணன் கிடந்தார். படுத்தபடியே பட்டியைப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் அங்கே போடச் சொன்னார்.

"பிடிச்சாச்சா?"

குரல் கட்டிலைத் தாண்டி வரவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் பாலம்மாள் தெரிந்துகொண்டாள்.

"பிடிச்சாச்சு" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வாய்க்கு என்ன கேக்காரோ அதைக் கொடுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு அவரிடம் கேட்டார்கள். இளநீ வேணுமா, ஆரஞ்சு வேணுமா, கடலைமிட்டாய் வேணுமா. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி வேண்டாம் என்றவர், எல்லாரும் போன பிறகு பாலம்மாளிடம் மட்டும் சொன்னார்.

"கறி. நம்ம ஆட்டுக் கறி. செத்தது இல்ல, அறுத்தது."

ஆட்டுக்காரன் வீட்டில் கறி வாசம் வந்தால் ஆடு செத்துப்போயிருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். உயிரோடு நிற்கிற ஆடு விற்கிற ஆடு. அதை அறுத்துத் தின்ன எவனுக்கும் மனசு வராது. நோவில் விழுந்தது, பாம்பு தீண்டியது, வெயிலில் சுருண்டது, குட்டி போட முடியாமல் போனது, இவைதான் வீட்டுக்கு. அதையும் அன்றைக்கே ஆக்கித் தீர்க்க முடியாது. உரித்த கையோடு உப்பை அள்ளித் தேய்த்து, மஞ்சள் போட்டு, கயிற்றில் கோத்துக் கூரையில் காயப் போடுவாள் பாலம்மாள். வேண்டும்போது நாலு துண்டை எடுத்து அலசி வேகவைப்பாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் ஆக்கிய கறி அதுதான். கோயில் கொடைக்கு வெள்ளாட்டுக் கிடா வெட்டுவார்கள். அதை ஆண்கள் கூடி ஆக்குவார்கள். பெண்கள் இலையில் வாங்கிச் சாப்பிடுவதோடு சரி.

இந்தக் கிடா மட்டும் விற்காமல் நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் சர்க்கார் ஆட்டு ஆபீசர் ஒருத்தர் ஜீப்பில் வந்தார். கம்பளி ஆட்டுக் குட்டிகள் கொண்டுவந்திருந்தார். வெள்ளை உடம்பில் செம்பொட்டு விழுந்த இவர்கள் செம்மறி ஆடுகளைப் பார்த்து, "இதுல என்ன கறி இருக்கு? காலுதான் நீளமா இருக்கு" என்றார். நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாயகிருஷ்ணனும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உம்ம குட்டி ஒண்ணு, என் குட்டி ஒண்ணு. ஒரே காட்டுல மேயட்டும், ஒரே தண்ணியக் குடிக்கட்டும். ஒரே நாள்ல அறுத்து நிறுத்துப் பாப்போம்." ஆபீசர் சரி என்று குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கம்பளிக் குட்டி மேலெல்லாம் ஒட்டுப்புல்லும் கருவேல முள்ளுமாக அப்பிக்கொண்டு திரிந்தது. ஐப்பசி அடைமழையில் நனைந்த மயிர் காயவில்லை. புழு வைத்துச் செத்தது. அதன் கறியை உப்புக்கண்டம் போடக்கூட முடியவில்லை. ஆபீசர் மாற்றலாகிப் போய்விட்டார். பொட்டுக்குட்டி மட்டும் கருவேல நெற்றையும் பருத்தி எடுத்து முடித்த காட்டு இலையையும் தின்று கிடாவாகி நின்றது. காயடித்து வைத்திருந்தார் மாயகிருஷ்ணன். விலைக்குக் கேட்டவர்களிடம், "அது பந்தயத்துல நிக்கு" என்று சொல்லி அனுப்பினார். யாரோடு பந்தயம் என்று ஊரே கேலி பேசியது.

முத்து முகம்மது வந்தால் அந்தக் கிடாவின் முதுகில் கையைப் போட்டு அமுக்கிப் பார்ப்பார். விரலை எடுத்துவிட்டு, "எலும்பும் தோலும்தான் அண்ணாச்சி" என்பார். இந்தக் கிடாவை மட்டுமா? மாயகிருஷ்ணன் இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து எந்த ஆட்டின் முதுகில் கை போட்டாலும் அதே வார்த்தைதான்.

கிடாவை மேற்கே பார்க்கப் படுக்க வைத்தார்கள். முத்து முகம்மது ஓத வேண்டியதை ஓதினார். ராஜமணி காலைப் பிடித்துக்கொண்டான். பாலம்மாள் ரத்தம் பிடிக்கச் சட்டியைக் கொண்டுவந்தவள், பாய்மார் ரத்தத்தைத் தொடமாட்டார்கள் என்று நினைவு வந்து, சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ரத்தம் கரிசலுக்குள் போயிற்று. மண் கறுப்பு என்பதால் நிறம் தெரியவில்லை.

வேப்பங்கிளையில் தொங்கவிட்டு உரித்தார் முத்து முகம்மது. வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் ஓர் ஆட்டைத் தொட்டு பாலம்மாள் பார்த்ததில்லை. தோல் சட்டை கழற்றுகிற மாதிரி வந்தது. உள்ளே இருந்த நிறத்தைப் பார்த்து அவள் கிட்டே வந்தாள். செத்த ஆட்டுக் கறி ரத்தம் கட்டிக் கறுத்திருக்கும். இது வெளிறிய சிவப்பாக இருந்தது. குண்டிக்காயைச் சுற்றிக் கொழுப்பு வெள்ளை வெளேரென்று திரண்டிருந்தது.

"மதினி, எலும்பைப் பாருங்க" என்றார் முத்து முகம்மது கடைசியில். "சுண்டுவிரல் கணக்கா இருக்கு. அதுமேல எம்புட்டுச் சதை ஏறியிருக்கு பாத்தீங்களா?"

தராசைக் கிளையில் மாட்டி, புதிதாக வந்த கிலோக் கல்லைப் போட்டு நிறுத்தார். உதட்டுக்குள் அதை ராத்தலாக மாற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு பின்தொடை ஒன்றை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடைவாசலுக்குப் போனார். கட்டிலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து காட்டினார்.

"உயிரோட நின்னதுல பாதிக்குக் கொறையாது அண்ணாச்சி. வடக்கத்தி ஆடு இதைவிட உசரமா நிக்கும். உரிச்சுத் தொங்கவிட்டா இந்தக் கறி தேறாது."

மாயகிருஷ்ணன் தொடையைப் பார்த்தார். விரலைக் கொண்டுவந்து அதில் ஊன்றினார். அமுங்கவில்லை.

"இப்பச் சொல்லும் பாய். எலும்பும் தோலுமா?"

"யாவாரத்துல அப்படித்தான் சொல்லணும். நாளைக்கும் அப்படித்தான் சொல்லுவேன்."

மாயகிருஷ்ணனின் தோள் குலுங்கியது. சிரிப்பு வயிற்றில் இடித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது.

"நாளைக்கு வந்து யார்ட்ட சொல்லுவீரு?"

முத்து முகம்மது கையிலிருந்த தொடையைத் திருப்பிப் பார்த்தார்.

"ராஜமணிட்ட சொல்லுதேன்" என்றார்.

வீட்டுக்கு ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு மீதியைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர் போனார்.

பாலம்மாள் அடுப்பில் பானையை ஏற்றினாள். மல்லியும் மிளகும் சீரகமும் வறுத்து அம்மியில் அரைத்தாள். ஈரலையும் இளங்கறியையும் போட்டு, தண்ணீரை நிறைய விட்டு, பருத்திமாரை ஒடித்து ஒடித்து அடுப்புக்குள் தள்ளினாள். கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. யோசிக்க எதுவும் இல்லாத மாதிரி இருந்தது. கொதி வந்ததும் வாசம் தெருவுக்குப் போய்விட்டது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, ஆடு எதுவும் போயிருச்சா?"

"இல்ல. அறுத்தது."

"அறுத்ததா! ஏயம்மா, எந்தச் சீமையிலிருந்து விருந்தாளு?"

சொன்ன பிறகுதான் அவளுக்குக் கட்டில் நினைவு வந்தது போல. தலை சுவருக்குக் கீழே போய்விட்டது.

"வெந்துட்டா?" என்று கேட்டார் மாயகிருஷ்ணன்.

"கொஞ்சம் பொறுங்க. பஞ்சு மாதிரி வேகட்டும்."

"பட்டியில சத்தம் கேக்கு. ஆட்டைப் பத்தலையா?"

"ராஜமணி பத்துவான். நீங்க சும்மா கெடங்க."

ராஜமணி ஆடுகளைக் காட்டுக்குப் பத்திக்கொண்டு போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது. கிண்ணத்தில் சாறை ஊற்றி, ஒரு துண்டை விரலால் மசித்துக் கலந்து, ஆற்றி எடுத்துவந்தாள். அவர் தலையைத் தன் மடிக்குத் தூக்கி வைத்தாள். கரண்டியால் முதல் வாய் கொடுத்தாள். அவர் உடனே விழுங்கவில்லை. வாயில் வைத்துக்கொண்டு இருந்தார். கண் பட்டிப் பக்கம் இருந்தது. பிறகு தொண்டை ஏறி இறங்கியது.

இரண்டாவது வாயும் வாங்கினார். அதையும் அப்படியே வைத்திருந்து விழுங்கினார். நாக்கு உதட்டை ஒரு சுற்று தடவி வந்தது, எதையோ தேடுகிற மாதிரி.

"எப்படி இருக்கு?"

அவர் அவளை அண்ணாந்து பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.

"என்னது?"

பதில் வரவில்லை. மூன்றாவது கரண்டியை உதட்டில் வைத்தாள். அது கடைவாயால் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. முந்தானையால் துடைத்தாள். இன்னொரு தடவை வைத்தாள். அதுவும் வழிந்தது. துடைத்தாள். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, அவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். எடுத்தால் யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டும்.

பக்கத்து ஊரிலிருந்து மாயகிருஷ்ணனின் தங்கை பூவம்மாள் தலைவிரி கோலமாக வந்தாள். தெரு முக்கிலிருந்தே அண்ணனைப் பேர் சொல்லி அழுதுகொண்டு வந்து, பாலம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பாலம்மாளுக்கு அழுகை வரவில்லை. அவள் தோளில் மூக்கு அமுங்கி மூச்சு முட்டியது.

கொஞ்சம் ஓய்ந்ததும் பூவம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு அடுப்படியைப் பார்த்தாள்.

"என்ன மதினி, பானை எறக்காம இருக்கு? சாவு விழுந்த வீட்டுல ஆக்குனதை வைக்கக் கூடாது. கொண்டுபோய்க் குப்பையில கொட்டிரு."

பாலம்மாள் எழுந்து போனாள். அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தாள். பானையை இறக்கிப் பட்டிச் சுவர் ஓரம் கொண்டுபோய், பெரிய கூடையால் கவிழ்த்து மூடி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தாள்.

"கொட்டிட்டியா?"

"ம்."

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். பாடை கட்டுகிறபோது முத்து முகம்மது சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்தார். தலையில் துண்டைக் கட்டியிருந்தார். உள்ளே வராமல் வேப்பமரத்தடியிலேயே நின்றார். உரித்த இடத்தில் ஈ மொய்த்தது. தண்ணீர் மோந்துபோக வந்த பாலம்மாளிடம் தணிந்த குரலில் பேசினார்.

"கடையில போட்டதும் தெரியல, வித்ததும் தெரியல மதினி. என்ன ஆடு பாய், எந்த ஊரு ஆடுன்னு கேக்காங்க. வந்து அண்ணாச்சிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

அவள் குடத்தை இடுப்பில் வைத்தாள்.

"சாப்புட்டாகளா?"

"ரெண்டு வாய்."

"என்ன சொன்னாக?"

குடத்துத் தண்ணீர் தளும்பி அவள் காலில் விழுந்தது.

"நல்லாருக்குன்னாவ" என்றாள்.

முத்து முகம்மது தலையை ஆட்டினார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாடைக்கு ஓலை முடைகிறவர்களிடம் போய் உட்கார்ந்தார்.

எடுத்துக்கொண்டு போனார்கள். கொட்டுச் சத்தம் ஓடைக்கரை தாண்டித் தேய்ந்தது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் கிணற்றில் தலை முழுகப் போனார்கள். பாலம்மாள் முதல் ஆளாக முழுகிவிட்டு ஈரச் சேலையோடு திரும்பிவந்தாள். காட்டிலிருந்து யாரோ பத்திவந்து அடைத்த ஆடுகள் பட்டியில் கத்திக்கொண்டிருந்தன. தொட்டியில் தண்ணீர் இல்லை. இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றினாள். கத்தல் நின்றது.

கூடை அங்கேயே இருந்தது. கல்லை எடுத்துவிட்டுத் திறந்தாள். சாறு ஆறி, மேலே கொழுப்பு வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது. விரலால் குத்தி ஒரு துண்டை எடுத்தாள். காலையிலிருந்து பல்லில் தண்ணீர்கூடப் படவில்லை. வாயில் போட்டாள். பஞ்சு மாதிரித்தான் வெந்திருந்தது. மென்றாள். மெல்ல மெல்ல அது ஒன்றுமில்லாததாக இருந்தது. நாக்கு உதட்டைத் தடவித் தேடியது.

உப்பு இல்லை.

அவள் பானைக்கு இதுவரை வந்த கறியெல்லாம் உப்போடு வந்த கறி.

உள்ளே போனாள். அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் உப்புப் பானை இருந்தது. ஒரு கை அள்ளிக்கொண்டு திரும்பிவந்து பானையில் போட்டாள். கல்லுப்பு கொழுப்பு ஆடையைப் பொத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. அகப்பையை விட்டுக் கிண்டினாள். அடியில் உப்பு நறநறவென்று உரசியது. சூடு இல்லாத சாறில் அது கரைவதாக இல்லை.

"மதினி, எங்கன இருக்க? வெளக்கேத்தணும், வா" என்று பூவம்மாள் வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"வாரேன்."

உரசல் சத்தம் இன்னும் நிற்கவில்லை. அவள் கிண்டிக்கொண்டிருந்தாள்.