ஒயர் போகாத வட்டங்கள்

காக்களூர் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், ஊறுகாய் கம்பெனியைத் தாண்டினால் ராஜவேலுவின் ஸ்பீக்கர் கம்பெனி. கம்பெனி என்று அவர்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு தகரக் கொட்டகை. இடுப்பளவு உயரத்தில், முகத்தில் நாலு வட்டம் வைத்த கறுப்புப் பெட்டிகளை அங்கே செய்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியின் பெயர் மாறும். பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் பன்னிரண்டாயிரம் வாட்ஸ் மட்டும் மாறாது. அந்தத் தெரு முழுக்கச் சேர்த்தாலும் அவ்வளவு கரண்ட் வந்ததில்லை.

நாலு வட்டத்தில் அடியில் இருக்கிற பெரியது மட்டும் உண்மையான ஸ்பீக்கர். மேலே இருக்கிற மூன்றும் டம்மி. பார்வைக்கு ஸ்பீக்கர்தான், பின்னால் காந்தம் இருக்காது, செம்புச் சுருள் இருக்காது, ஒயர் எட்டிக்கூடப் பார்க்காது. அந்த டம்மி வட்டங்களுக்கு மஞ்சள் பசை தடவி, பெட்டியில் வைத்து, கட்டை விரலால் ஒரு சுற்று அழுத்தித் துடைப்பதுதான் ஏஞ்சலினின் வேலை. வாங்க வருகிறவர்கள் போட்டுக் கேட்பதற்கு முன்னால் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் காந்தம் பெரிசு, சரக்கு ஒஸ்தி என்று அர்த்தம். ராஜவேலு அதற்கும் வழி செய்திருந்தார். பெட்டியின் அடிவயிற்றில் ஒரு சிமென்ட் பலகை வைத்து ஆணி அடித்துவிடுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஏஞ்சலினுக்கு உடம்பே கூசியது. பிறகு பழகிவிட்டது. எதுதான் பழகவில்லை? வீட்டில் புருஷன் ஸ்டீவனிடம் மட்டும் "செக்கிங் வேலை" என்று சொல்லி வைத்திருந்தாள். விரலில் ஒட்டிக்கொண்டு போகாமல் அடம்பிடிக்கும் மஞ்சள் பசையை அவன்தான் சாயந்திரங்களில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுப்பான். செக்கிங் வேலையில் எதற்குப் பசை என்று அவன் கேட்டதில்லை.

ஸ்டீவன் பேச்சைக் குறைத்துக்கொண்டவன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டுகிற மில்லில் பத்துப் பதினோரு வருஷம் கான்ட்ராக்டில் இருந்தான். இரும்பு இரும்போடு மோதுகிற சத்தத்தில் நாளெல்லாம் நின்றவன். ஒருநாள் எல்லோருக்கும் மெடிக்கல் என்று வண்டி வந்தது. காதில் ஹெட்போனை மாட்டி, விசில் சத்தம் கேட்டதும் பட்டனை அமுக்கு என்றார்கள். டெஸ்ட் எப்போது ஆரம்பிக்கும் என்று ஸ்டீவன் பட்டனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். முடிந்துவிட்டது, எழுந்திரு என்றார்கள். அடுத்த மாதம் மில் அவனுடைய கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் போன ஒவ்வொரு கம்பெனியும் முதலில் மெடிக்கல்தான் கேட்டது. ஏஞ்சலினுக்குக் காக்களூரில் வேலை கிடைத்ததால் செவ்வாப்பேட்டைக்கு வீடு மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

அவன் முழுச் செவிடு இல்லை. தவில் கேட்கும், லாரி கேட்கும், ஆள் பேசுவதும் கேட்கும். ஆனால் எல்லோரும் கம்பளிக்குள் வாயை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் கேட்கும். மனிதப் பேச்சில் ச, ஸ, த, ப என்று உதடும் பல்லும் சேர்ந்து செதுக்குகிற மெல்லிய சத்தங்கள் இருக்கின்றனவே, மில் அவற்றை மட்டும் பொறுக்கித் தின்றிருந்தது. மீதியை வாயசைவைப் பார்த்து அவன் ஒப்பேற்றிக்கொள்வான்.

தீபாவளிக்கு முந்தின நாள் ராஜவேலு போனஸ் கொடுத்தார். பணமாக இல்லை, ஆளுக்கு ஒரு ஜோடி பெட்டி. "நம்ம சரக்கு, நம்ம ஊட்ல பாடட்டும்" என்று சிரித்தார். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் பிரேமா மட்டும் ஏஞ்சலின் காதில் சொன்னாள்: "சின்ன வட்டத்தை ஊட்ல யாரும் நோண்டாம பாத்துக்கோ."

ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கும்போதே ஸ்டீவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தூக்கினான். "யம்மா, இன்னா கனம்! காந்தமே அஞ்சு கிலோ இருக்கும் ஏஞ்சலு!" வேலை போனதிலிருந்து அவன் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நாக்கு எழும்பவில்லை.

மறுவாரமே சவுண்ட் சர்வீஸ் வைக்கப் போகிறேன் என்றான். செகண்ட்ஹாண்டில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் கார்ட்லெஸ் மைக்கும் வாங்கி வந்தான். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தொழில் படித்தான். எத்தனை ஓம் ஸ்பீக்கரை எத்தனை சேர்த்து மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் புகையும் என்று அவளுக்குப் பாடம் எடுத்தான். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இது இன்னான்னு நெனச்சே? இதுக்குள்ள ஒரு குட்டி ரேடியோ ஸ்டேஷனே கீது. இங்க பேசினா காத்துல போயி அங்க இறங்கும்" என்றான். குழந்தை மாதிரி தெருக்கோடி வரை நடந்துபோய், அங்கிருந்து "ஏஞ்சலு... ஏஞ்சலு..." என்று கூப்பிட்டான். பெட்டியிலிருந்து மூக்கடைத்தவன் குரல்போல் வந்தது.

ஓடி வந்து கேட்டான்: "எப்டி? கிளியரா கீதா? எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது. நீ சொல்லு. நீதான் என் காது."

"சூப்பரா கீது" என்று இழுத்துச் சிரித்தாள் ஏஞ்சலின்.

சின்ன விசேஷங்களுக்கு அந்தப் பெட்டி போதுமானதாகவே இருந்தது. பிறந்தநாளுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் வருகிறவர்களுக்கு நெஞ்சில் தும்தும் என்று குத்தினால் போதும். அந்தக் குத்தெல்லாம் பெரிய வட்டத்தின் வேலை. பாட்டின் வரிகள் யாருக்கு வேண்டும்? ஆனால் மேடையில் ஒருவர் நின்று பேசினால் கதை வேறு. பேச்சுக்கு உதடு கொடுப்பது மேலே இருக்கிற சின்ன வட்டம்தான். அது அங்கே மஞ்சள் பசையில் செத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பேச்சுக் கூட்டம் எதுவும் வந்துவிடக் கூடாது என்று ஞாயிறுதோறும் சர்ச்சில் ஏஞ்சலின் வேண்டிக்கொண்டாள். இப்படி ஒரு ஜெபத்தைக் கர்த்தர் கேட்டிருக்கவே மாட்டார்.

மார்ச் மாதம் லோகு போன் செய்தான். பழைய மில்லில் ஸ்டீவனோடு நின்றவன், இன்னும் அங்கேயே இருக்கிறான். மில்லில் பாதுகாப்பு வார விழா. "மைக் செட்டு நீயே போடு மச்சான். உன்னைத் தொரத்தினவன் எல்லாம் பாக்கட்டும்."

ஸ்டீவன் பெட்டிகளைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கினான். கல்யாணச் சட்டையை இஸ்திரி போட்டான். அவன் தலையை நிமிர்த்திக்கொண்டு அந்த கேட்டுக்குள் போக வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை என்பது ஏஞ்சலினுக்குத் தெரியும். அந்த ஆசையின் மேல் தான் ஒட்டிய டம்மி உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியும்.

"பேச்சுக் கூட்டத்துக்கு வேற பெட்டி வாடகைக்கு எடுத்துக்கலாமேயா" என்று இழுத்தாள்.

"நம்ம பெட்டிக்கு இன்னா கொறச்சல்?" என்றான். அவள் லீவு சொல்லிவிட்டு அவனோடு குட்டியானை வேனில் ஏறிக்கொண்டாள்.

மில்லின் கேன்டீன் கொட்டகையில் விழா. முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் கான்ட்ராக்ட் ஆட்கள். காதில் செருகிக்கொள்கிற ஆரஞ்சு ரப்பர் அடைப்பான்களைப் பாக்கெட் பாக்கெட்டாக வினியோகித்தார்கள். ஸ்டீவன் வேலை செய்த காலத்தில் ஆடிட் நாளைத் தவிர அதைக் கண்ணால் பார்த்ததில்லை. மைக் செட்காரர் என்ற மரியாதைக்கு இன்று அவனுக்கும் ஒரு பாக்கெட் நீட்டினார்கள். அவன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பாதுகாப்பு அதிகாரி வசந்தகுமார் மைக்கைப் பிடித்தார். காதைக் காப்பது எப்படி என்று பேசினார். பேசினார் என்பது அவர் வாய் அசைந்ததை வைத்துச் சொல்வது. பெட்டியிலிருந்து வந்தது கிணற்றுக்குள் ஒருவன் முனகுகிற சத்தம். பின்வரிசை ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டீவன் கைகட்டி, நிமிர்ந்து, சிரித்த முகமாக நின்றான். அவனுக்கு உலகமே அப்படித்தானே பேசுகிறது.

அப்புறம் உறுதிமொழி. அதிகாரி ஒரு வரி வாசிக்க வேண்டும், எல்லோரும் கை நீட்டி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வரி வந்தது. கூட்டம் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்து, எதைச் சொல்வது என்று தெரியாமல், "ம்ம்ம்" என்று முனகியது. இரண்டாவது வரிக்கும் அதே முனகல். யாரோ ஒருவன் வேண்டுமென்றே ராகம் போட்டு முனக, கொட்டகையே சிரித்தது.

"மைக் செட் யாருப்பா? ஒண்ணுமே புரியலை!" என்று அதிகாரி கத்தினார். அவர் கையைத் தூக்கியதைப் பார்த்து, சத்தம் போதவில்லை என்கிறார் என்று ஸ்டீவன் நினைத்தான். கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு வால்யூமைத் திருகினான். பெட்டி கூவென்று ஊளையிட்டது. ஏஞ்சலின் பாய்ந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தாள். "இன்னா ஆச்சி? இன்னா சொல்றாங்க?" என்று அவன் அவள் வாயைப் பார்த்தான். சொல்வதற்கு அவளுக்கு அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். அவள் உதடு அசையவில்லை.

மில் எலக்ட்ரீஷியன் குணாளன் ஸ்குரூ டிரைவரோடு வந்தார். நல்ல மனுஷன், உதவி செய்யத்தான் வந்தார். பெட்டி முகத்து வலையைக் கழற்றி, மேல் வட்டத்தை நெம்பினார். அது பிசுக்கென்று கையோடு வந்துவிட்டது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். தகரத் தட்டு. ஓர் ஒயர் இல்லை. அடுத்ததை நெம்பினார், அதற்கடுத்ததையும். பெட்டிக்குள் கையை விட்டுத் தடவியவர் சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னார்: "அடியில கல்லு வெச்சிக்கீறாங்கப்பா!"

இந்தத் தடவை கொட்டகை சிரித்த சிரிப்பு ஸ்டீவனுக்கே நன்றாகக் கேட்டது. லோகு தலையைக் குனிந்துகொண்டான்.

ஸ்டீவன் ஒரு வட்டத்தை வாங்கிப் பார்த்தான். விளிம்பைச் சுற்றி மஞ்சள் பசை. ஒரு கட்டை விரல் அழுத்தித் துடைத்த சுவடு. அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து ஏஞ்சலினின் கையைப் பார்த்தான். அவள் விரலை மடக்கி மறைத்தாள். மறைக்காமல் இருந்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

திரும்பும்போது பெட்டிகளோடு வண்டியின் பின்னால் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வண்டி பெரியபாளையம் தாண்டியது.

"உனக்குத் தெரியும்" என்றான்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"ஆட்டோவுல ஏத்துறதுக்கு மின்னாடியே. உன் மூஞ்சப் பாத்து சொல்ல வாய் வர்லய்யா."

"மில்லு என் காதைத் துன்னுச்சி. அது மிஷினு, அதுகிட்ட இன்னான்னு கேக்கறது? நீதான் என் காதுன்னேன் ஏஞ்சலு. நீயும் டம்மியா?"

அவன் கத்தியிருந்தால், அடித்திருந்தால்கூட அவள் அழுதிருப்பாள். இதற்கு அழுகை வரவில்லை.

மறுநாள் காலை அவனும் அவளோடு ரயிலேறினான். கையில் அந்த டம்மி வட்டம். ராஜவேலுவின் முகத்தில் இவன் அதை விட்டெறிவான், இரண்டு பேருக்கும் சோறு போய்விடும் என்று தெரிந்தும், எறியட்டும் என்றுதான் ஏஞ்சலின் விரும்பினாள். இத்தனை மாதமாக அவள் எறிய நினைத்தது அது.

ராஜவேலு அசரவில்லை. "வாப்பா, குந்து" என்று டீ சொன்னார். வட்டத்தை வாங்கித் திருப்பிப் பார்த்து அவன் கையிலேயே கொடுத்தார். "டம்மிதான். எல்லாரும் செய்றதுதான். ஆமா, உனக்குக் காது எப்டி? பிரேமா சொல்லிச்சி." செல்போனில் ஒரு விசில் சத்தத்தை வைத்தார். பசை மேஜையில் இருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஸ்டீவன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ராஜவேலுவின் கண் மின்னியது.

"டெஸ்டிங்குக்கு ஒரு ஆளு வேணும்பா. மின்ன இருந்த பையன் டீலர் மூஞ்சப் பாத்து முழிச்சி முழிச்சே காரியத்தைக் கெடுத்துட்டான். உன்கிட்ட அந்தப் பேஜாரு இல்ல. நீ பொய்யே சொல்ல வேணாம். உன் காதுக்கு இன்னா கேக்குதோ அத்தச் சொன்னா போதும்."

ஸ்டீவன் கையிலிருந்த வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்: "மெடிக்கல் உண்டா சார்?"

"நமக்கு இன்னாத்துக்குப்பா அதெல்லாம்?"

கொண்டுவந்த டம்மியை ஸ்டீவன் மேஜைமேல் வைத்தான். வலிக்காமல், மெதுவாக வைத்தான். அந்த மெதுவைப் பார்க்க ஏஞ்சலினுக்குச் சகிக்கவில்லை.

அன்று மத்தியானமே நாயுடுபேட்டையிலிருந்து ஒரு டீலர் வந்தார். பெட்டியைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். பாட்டு ஓடியது. மேல் வட்டத்தைக் காட்டி, "சின்னது நல்லா பாடுதா நைனா?" என்று கேட்டார்.

ஸ்டீவன் குனிந்தான். காலையில் ஏஞ்சலின் ஒட்டிய வட்டத்தில், பசை காயாத இடம் பார்த்து ஒதுங்கி, காதை வைத்தான். அப்படியே கண்ணை மட்டும் உயர்த்தி, கொட்டகையின் மறுகோடியில் இருந்த அவளைப் பார்த்தான்.

"சூப்பரா கீது" என்றான்.

மைக்கை வைத்துக்கொண்டு அவன் கேட்டபோது அவள் சொன்ன அதே இழுவை, அதே சிரிப்பு. டீலர் ஐம்பது ஜோடிக்கு ஆர்டர் சொன்னார். பிரேமா கைதட்டி அவசரப்படுத்த, ஏஞ்சலின் அடுத்த வட்டத்தை எடுத்துப் பசை தடவினாள்.