இடுப்பளவு தண்ணீர்

என் தங்கை புருஷன் சந்தியாகுவுக்கு டேப் பிடித்து அளக்கிற பழக்கம் கிடையாது. ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற ஆள். உலகத்தில் உள்ள ஆழமெல்லாம் அவனுக்குக் கணுக்கால், முழங்கால், தொடை, இடுப்பு, மார்பு, அவ்வளவுதான். ஏரியில் எந்த இடத்தைக் கேட்டாலும் தன் உடம்பில் கையை வைத்துக் காட்டுவான். தப்பே வராது. அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவந்து ஜீப்பிலும் போட்டான். அதில்தான் வந்தது வினை.

ஜீப் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். என் தங்கை ஆரோக்கியமேரிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் இரண்டு தடவை பொன்னேரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். மற்ற மாதங்களில் ஆட்டோ, பஸ் என்று எப்படியோ ஓடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி பொங்கினால் எங்கள் குப்பத்திலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிற ரோடு தண்ணீருக்குள் போய்விடும். போன மழையில் அப்படித்தான் மாட்டிக்கொண்டோம். போகவேண்டிய நாள் தவறி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியவளைப் படகில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். காற்றும் மழையும் அடித்த அடியில் கரை சேர்வதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. பிழைத்தது மாதா கருணை. இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

அந்த வாரமே சந்தியாகு தன் படகை விற்றான். ஒரு பழைய ஜீப்பை வாங்கி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். குப்பமே சிரித்தது. நானும் சிரித்தேன். காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவன் நான், வண்டியைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்கிற திமிர் எனக்கு உண்டு. தூக்கிப் போடவேண்டிய வண்டிக்குப் படகைக் கொடுத்த புத்திசாலி நீ ஒருவன்தான் என்றேன். அவன் கோபப்படவில்லை. ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்று தன் இடுப்பில் கையை வைத்தான். போன மழையில் அந்த ரோட்டை முழுக்க நடந்து பார்த்திருக்கிறான். சிறுபாலத்துக்குப் பக்கத்தில் ரோடு தாழ்கிற இடத்தில் தண்ணீர் அவனுக்கு இடுப்பளவு. ஜீப் இப்போது இருக்கிற உயரத்துக்கு அங்கே போனால் இன்ஜின் தண்ணீர் குடித்துவிடும்.

"இன்னும் நாலு விரக்கடை ஏத்தணும் மச்சான்," என்றான்.

மறுவருஷ மழைக்கு முன்னால், பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டாவில் ஒரு பட்டை கூடச் சேர்த்துப் பொன்னேரி ஒர்க்‌ஷாப்பில் ஏற்றிவிட்டார்கள். முன்பக்கத்துக்கு நீளமான காயில் ஸ்பிரிங் ஜோடியையும் வாங்கியாயிற்று. மாட்டுவதற்குத் தீபாவளி கழித்து வாருங்கள் என்றார்கள். மழை தீபாவளி பார்த்தா வரும்? வீட்டிலேயே மாட்டிவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டான். லீவு போட்டுவிட்டு வந்தேன். தங்கச்சி விஷயம், வாய்தான் என்னைக் கேட்காமல் பேசும், கை சொன்னதைச் செய்யும்.

எங்கள் மணலில் ஜாக்கியை வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். உடைந்த படகின் பலகைகளை வாங்கிவந்து பரப்பி, அதன்மேல் ஜாக்கியை வைத்துத் தூக்கினோம். சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். அதற்குப் பிறகுதான் சனி பிடித்தது. உப்புக்காற்று தின்ற வண்டி, ஷாக் அப்சார்பர் போல்ட் ஒன்றும் அசையவில்லை. டீசலை ஊற்றி ஊறவிட்டு, சுத்தியால் தட்டி, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையும் சொல்லித்தான் கழன்றது. நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மேரி, ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்குகிற வாயா இது என்று என்னைக் கேட்டாள். வீங்கின காலை நீட்டிக்கொண்டு காலையிலிருந்து எங்களைக் கிண்டல் செய்வதே அவளுக்கு வேலை.

ஆக்சிலைக் கீழே இறக்கியதும் பழைய ஸ்பிரிங் ஆடுகிற பல் மாதிரி கையோடு வந்துவிட்டது. புதுசு உள்ளே போகவில்லை, அவ்வளவு நீளம். சந்தியாகு ஆக்சில் மேல் ஏறி நின்று தன் முழு எடையையும் போட்டு மிதித்தான். பிரேக் ஹோஸை இழுத்துக் கிழித்துவிடாதே என்று கத்திக்கொண்டே நான் ஸ்பிரிங்கை உள்ளே தள்ளி, அதன் முனை குழியில் உட்கார்கிற வரைக்கும் திருகினேன். ஒரு பக்கம் முடிவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு இன்னொரு பக்கம்.

சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினோம். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. சந்தியாகு மறுபடியும் போய்ப் பக்கத்தில் நின்று இடுப்பில் கையை வைத்துப் பார்த்தான். சரியாக இருந்தது. அவன் வாய்விட்டுச் சிரித்ததை நான் போன மழைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மேரியை ஏறிப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் மெதுவாக வந்து கதவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். கால் முழங்கால் உயரத்துக்குக்கூட எழவில்லை. ஜீப்பின் தரை அவள் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. இன்னொரு தடவை முயற்சி செய்தாள். பிறகு கதவில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

"யாருக்குயா அளவெடுத்த, ஒனக்கா எனக்கா?"

அவன் முகம் செத்துப்போயிற்று. தண்ணீரைத் தன் உடம்பால் அளந்தான், இன்ஜினைத் தன் உடம்பால் அளந்தான். அதில் ஏறவேண்டியவளை அளக்கவே இல்லை. இறாலுக்கும் நண்டுக்கும் ஏரியை அளக்கிறவன் வேறு எப்படி அளப்பான்? குனிந்து அவளைத் தூக்கப்போனான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"நா நடக்கறவ. நடக்கறவள யாரும் தூக்க வோணாம்."

சாயங்காலமே பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டுகிறேன் என்று வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டான். காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டேன். இறக்கினால் தண்ணீரில் நிற்கும், ஏற்றினால் அவளால் ஏறமுடியாது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். எங்களுக்கு நாலு விரக்கடைதான் உயிரை வாங்கியது. கடைசியில் மீன் வைக்கிற பிளாஸ்டிக் பெட்டிகளைக் கவிழ்த்துப் படி மாதிரி அடுக்கினோம். அவள் என் தோளைப் பிடித்து ஒவ்வொரு பெட்டியாக ஏறி, உள்ளே போய் உட்கார்ந்ததும் தெருவைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். எதிர்வீட்டு வசந்தா, மகாராணி கிளம்பிட்டாங்க என்று ஒவ்வொரு தடவையும் சொல்லும். மழை வருகிற வரைக்கும் அப்படித்தான் பொன்னேரிக்குப் போய்வந்தாள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி ரோட்டின் மேல் ஏறிய மறுநாள் காலையில் அவள் போகவேண்டிய முறை. சந்தியாகு வண்டியை வாசலோடு ஒட்டி நிறுத்தினான். நான் பெட்டிகளை அடுக்கினேன். மேரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். இரண்டு கையையும் அவன் பக்கம் நீட்டினாள்.

"தூக்குயா," என்றாள்.

நடக்கிறவள் தூக்கச் சொல்லிவிட்டாள். கையைத் தட்டிவிட்டுச் சண்டை போடமாட்டாளா என்று எனக்கு இருந்தது. சந்தியாகுவுக்கு அது புரியவில்லை. கடைசியில் தன் பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று அவனுக்குச் சந்தோஷம். இதை அன்றைக்கே செய்திருக்கலாம் என்று அவளைச் செல்லமாகத் திட்டிக்கொண்டே தூக்கினான். பின்சீட்டில் நான் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவள் தலையை என் மடியில் வைத்தான்.

தண்ணீருக்குள் போனால் நிறுத்தக்கூடாது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறி இன்ஜின் செத்துவிடும், நடு ஏரியில் நிற்கவேண்டியதுதான். இதை அவனுக்கு நான் நூறு தடவை சொல்லியிருந்தேன். சொன்னபடியே ஓட்டினான். இரண்டு பக்கமும் ஏரி, ரோடு எது என்று காட்ட விளக்குக் கம்பங்கள் மட்டும்தான். வழக்கம்போல வாய்விட்டு அளந்துகொண்டே போனான். முழங்காலு என்றான். தொடை என்றான். மேரி என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சிறுபாலம் வந்தது. இடுப்பு என்றான். அங்கேதான் அவள் பிடி தளர்ந்தது. மழை கூரையில் அடிக்கிற சத்தத்தில் மூச்சு கேட்கவில்லை. மூக்குக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தேன். என் மேரி போய்விட்டாள்.

கத்தியிருப்பேன். கத்தினால் அவன் காலை எடுத்துவிடுவான். அவள் கண்ணை மூடிவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறந்ததிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த ஒரு தடவைதான்.

வண்டி எங்கேயும் திணறவில்லை. எதற்காக ஏற்றினோமோ அதைச் செய்தது. பழவேற்காட்டுக் கரையில் சக்கரம் ரோட்டைத் தொட்டதும் சந்தியாகு ஸ்டியரிங்கை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினான்.

"பாத்தியா மேரி, ஒரு சொட்டு உள்ள வர்ல."

பதில் வராததால் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். தூங்குதா என்று என்னைக் கேட்டான். தண்ணீரைத் தாண்டியதும் சொல்லிவிடவேண்டும் என்றுதான் நான் இருந்தேன். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டேன்.

"தூங்கட்டும், எழுப்பாத மச்சான்," என்றான்.

புது ஸ்பிரிங் விறைப்பு, சின்னப் பள்ளத்துக்கும் தூக்கிப் போடும். திருப்பாலைவனம் தாண்டி, பொன்னேரி வரைக்கும், அவள் தூக்கம் கலையக்கூடாது என்று ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்துப் பார்த்து அவன் மெதுவாக ஓட்டினான்.