மூன்று முறை அழைத்தும்

எங்கள் டாக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஸ்கோர்'. சர்க்கரை நோயையும் இதயத்தையும் பற்றி அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையை அறைக் கதவிலேயே ஒட்டி வைத்திருப்பார். போன வாரம் வரை நூற்றுத் தொண்ணூற்றொன்பது. திங்கட்கிழமை காலை இருநூறு. கேக் வெட்டினார்கள். சர்க்கரை நோய்ப் பிரிவில் கேக்! கேட்பார் யார்?

அந்த இருநூறாவது கட்டுரை, சர்க்கரைக்கான புது மாத்திரை ஒன்றைச் சோதித்த ஆய்வைப் பற்றியது; நான் அந்த ஆய்வின் நர்ஸ். போன் போடுவதுதான் என் வேலை. ஆய்வு மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவரையும் மாதம் ஒரு முறை அழைத்து, நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டு எழுத வேண்டும். எடுக்காவிட்டால் மூன்று நாள், நாளுக்கு ஒரு முறை அழைக்க வேண்டும். அப்போதும் எடுக்காவிட்டால்தான் 'தொடர்பில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். அதோடு அந்த ஆள் கணக்கிலிருந்து விலகிவிடுவார். ஆறு வருடம் போன் பேசிப் பேசி என் காதே தேய்ந்துவிட்டது. பதிலுக்கு டாக்டர் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: "கட்டுரையில உங்க பேரும் வரும் சிஸ்டர். பேரு வந்துட்டா வேலை நிரந்தரம்."

வந்திருந்தது. ஏழாவது பெயர் என்னுடையது. வெட்கமில்லாமல் தடவிப் பார்த்தேன். பிறகு பக்கத்தைத் திருப்பினேன். புது மாத்திரை சாப்பிட்டவர்களில் இதயக் கோளாறால் இறந்தவர்கள்: யாருமில்லை.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. அப்படியென்றால் என் பட்டியலின் நாற்பத்து மூன்றாம் எண் எங்கே போனார்? அது என் அக்கா புருஷன், என் அத்தான். "பயப்படாதீங்க அத்தான், எங்க டாக்டர் கெட்டிக்காரர்" என்று சொல்லி ஆய்வில் சேர்த்ததே நான்தான். எட்டு மாதம் கழித்து ஒரு காலையில், ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு. மாத்திரையாலா, விதியாலா, எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தானே ஆய்வு? இறப்புப் படிவத்தை அழுதுகொண்டே நிரப்பி டாக்டர் கையிலேயே கொடுத்தேன். "உங்க அத்தானோட கணக்கு நாளைக்குப் பத்துப் பேரைக் காப்பாத்தும் சிஸ்டர்" என்றார். அப்படியே அக்காவிடம் போய்ச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடுகிறாள்.

கோப்பு அலமாரியைத் திறந்தேன். அத்தானின் கோப்பில் இறப்புப் படிவம் இல்லை. அந்த இடத்தில் வேறொன்று இருந்தது: 'மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. தொடர்பில் இல்லை.' கீழே என் கையெழுத்து. போலி இல்லை, என்னுடையதேதான். தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்று டாக்டர் ஒரு நாள் அவசரப்படுத்தி, வெற்றுப் படிவங்கள் இருபதில் என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு போட்டுக் கொடுத்தேன். மடச்சி!

படிவத்தோடு அவர் அறைக்குள் போனேன். மீசையில் இன்னும் கேக் ஒட்டியிருந்தது.

"என்ன சார் இது?"

பார்த்தார். முகம் மாறவே இல்லை. "ஒரே ஒருத்தர் சிஸ்டர். அவருக்காக ஆறு வருஷ உழைப்பைத் தூக்கிப் போட முடியுமா? உங்க பேரும் இருக்கு, பாத்தீங்கல்ல? கையெழுத்தும் உங்களுதுதான்."

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, கத்தியையும் என் கையிலேயே கொடுத்திருக்கிறார் மனுஷன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என் கையெழுத்துதானா கிடைத்தது?

அவர் மேசை போனை இழுத்து, படிவத்தில் இருந்த அத்தான் வீட்டு எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள் அக்கா.

"அக்கா, நான்தான்."

"சொல்லுடி. கட்டுரை வந்துடுச்சா? அவரைப் போட்டிருக்காங்களா?"

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்லக்கா. வீட்டுல யாரும் போனையே எடுக்கலன்னு எழுதியிருக்காங்க. கீழ... கீழ நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நீயா?" என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

என் இடத்துக்கு வந்து, கட்டுரையை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். நாற்பத்து மூன்றாம் எண் இறந்துவிட்டார், தேதி இது, வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டது என் தவறு, என் பெயரை நீக்கிவிடுங்கள். நிரந்தர வேலை அதோடு போனது. போகட்டும்.

அனுப்பிவிட்டு அக்காவை அழைத்தேன். எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் எடுக்கவில்லை.

இன்று மூன்றாம் நாள். மணி அடித்துக்கொண்டிருக்கிறது.