சம்பத் படுத்த இடம்

1984 மார்கழியில் செத்துப்போன சம்பத் படுத்திருந்த தரை, காரியம் முடிந்த பிறகும் ஆறவில்லை. ஆவடித் தொழிற்சாலையில் உலைப் பிரிவு வேலை அவருக்கு. ஷிஃப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்து பாயில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எத்தனை முறை கழுவிவிட்டும் அந்த ஆளளவு இடம் மட்டும் உடம்புச் சூட்டோடு கிடந்தது. முதலில் எல்லோரும் பயந்தார்கள். பொங்கல் நெருங்கும்போது பயம் போய், பக்கத்து வீட்டுப் பெண்கள் இட்லி மாவைக் கொண்டுவந்து அங்கே வைக்க ஆரம்பித்தார்கள். அந்தக் குளிரில் வேறெங்கும் மாவு அப்படிப் பொங்கவில்லை. அவர் மனைவி பூங்காவனம் மாவு பொங்கி முடியும்வரை காத்திருப்பாள். பாத்திரங்கள் போனதும் புருஷன் தோள் இருந்த இடத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள்.

மாடி வீட்டு இயற்பியல் வாத்தியார் பரந்தாமன் தெர்மாமீட்டரோடு வந்து குப்புறப் படுத்து அளந்தார். மனிதர் சாப்பாட்டையே மறந்துவிட்டார். டீயானாலும் நட்சத்திரமானாலும் சூடானது ஆறியே தீரும். இது ஆறவில்லையென்றால், போகிற சூடு எங்கோ சுற்றிவிட்டு இங்கேயே திரும்புகிறது. ஆகவே பிரபஞ்சம் முடிவில்லாத மைதானமல்ல, எந்தப் பக்கம் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடுகிற உருண்டை என்றார். இப்படியாகப் பிரபஞ்சத்தின் வடிவம் ஆவடியில் முடிவானது. அன்றைக்கும் ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வரவில்லை.

“இன்னா சார் சொல்றீங்க? அப்போ எங்க ஊட்டுக்காரரும் சுத்திக்கினு வந்துடுவாரா?”

வாத்தியார் தெர்மாமீட்டரைத் துடைத்தார். “தண்ணில ஊத்துன பால் எங்கயும் போகாதும்மா. ஆனா திரும்பப் பிரிச்சு எடுக்க முடியாது. சூடு வரும். ஆளு வரமாட்டாரு.”

அவ்வளவு பெரிய உருண்டையில் தன் புருஷனுக்கு மட்டும் வழியில்லையே என்று பூங்காவனம் அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.

வேலை பார்த்தவர் போனால் குவார்ட்டர்ஸும் போகும். கோடையில் காலி செய்துகொண்டு மேனாம்பேட்டில் தம்பி வீட்டுக்குப் போனாள். கையோடு எடுத்துப்போன பாய் திருமுல்லைவாயில் தாண்டுவதற்குள் ஆறிவிட்டது. பக்கத்துத் தொழிற்பேட்டையில் துணிக் கம்பெனியொன்றில் பிசிறு நூல் வெட்டியே தலை நரைத்தது. இன்னொரு தடவை அந்தச் சூட்டுத் தரையில் படுக்க வேண்டும், வேறு ஆசையே அவளுக்கு இல்லை.

1993 மார்கழியில் பாயைச் சுருட்டிக்கொண்டு பழைய குவார்ட்டர்ஸுக்குப் போனாள். அங்கே குடியிருந்த ஜமீலா விவரம் கேட்டு, மறுபேச்சில்லாமல் உள்ளே அழைத்தாள். சம்பத் தோள் இருந்த இடத்தில் துணி சுற்றிய குழந்தையொன்று தூங்கியது.

“கொறமாசக் கொழந்தைக்கா. வேற எங்க போட்டாலும் ஜில்லுனு ஆயிடுது. இங்கதான் பொழைச்சுக்கினு கீது. நீங்க படுங்க, நான் தூக்கிக்கிறேன்.”

“வேணாம்மா. தூக்காதே.”

பூங்காவனம் பக்கத்துக் குளிர்ந்த தரையில் பாயை விரித்து, குழந்தையைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்தாள். கல்யாணமான நாள்முதல் அவள் படுத்த பக்கம் அதுதான். ஜமீலா கொண்டுவந்து வைத்த டீ அருகிலேயே ஆறிப்போனது.